கடைமடைக் கீமேன்

கீமேன் என்றால் ரயில்வேக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சட்டென்று விளங்குவதில்லை. டிரைவரைத் தெரியும், கார்டைத் தெரியும், டிக்கெட் பரிசோதகரைக் கட்டாயம் தெரியும். விடியற்காலையில் தோளில் சுத்தியலும் கையில் ஸ்பானரும் சுருட்டிய கொடிகளுமாகத் தலையைக் குனிந்தபடி தண்டவாளத்தோடு நடந்துபோகும் ஆளை ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பார்கள். யாரோ ஊர்க்காரர் குறுக்குவழியில் போகிறார் என்று நினைத்திருப்பார்கள். அவர்தான் கீமேன். ஏறத்தாழ 6 கிலோமீட்டர் பாதை அவர் பொறுப்பு. போகும்போது ஒரு பக்கத் தண்டவாளம், திரும்பும்போது மறுபக்கத் தண்டவாளம் என்று தினமும் ஒவ்வொரு இணைப்பையும் கண்ணால் பார்த்தாக வேண்டும். தளர்ந்த போல்ட்டை முடுக்க வேண்டும். தண்டவாளத்தை இறுக்கிப் பிடிக்கும் இரும்பு ஆப்புதான் கீ. ரயில் ஓடிய அதிர்வில் நழுவி வெளியே வந்த கீயை அடித்து உள்ளே ஏற்ற வேண்டும். தீபாவளி, பொங்கல், ஊரில் சாவு என்று எதுவானாலும் அவரோ அவருக்குப் பதில் இன்னொருவரோ அன்று நடந்தே தீர வேண்டும்.

காவிரி டெல்டாவின் கடைமடையில், ஒரு மீட்டர் கேஜ் கிளைப் பாதையில் நான் பாதைப் பராமரிப்பு இன்ஸ்பெக்டராக இருந்தேன். பி.டபிள்யூ.ஐ. என்று அப்போது சொல்வார்கள். என் பிரிவில் வேலை பார்த்த கீமேன்களில் ஒருவர் இந்தக் கார்த்திகையில் காலமானார். ஊரில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. ஓய்வு பெற்று இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும் பேரப்பிள்ளைகளின் நண்பர்களுக்குக்கூட அவர் 'கீமேன் தாத்தா'தான். நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன்.

அவர் அப்பா பண்ணையாள். இவரும் சிறு வயதில் அதே மிராசுதாரின் மாடுகளை மேய்த்தவர். பிறகு நாற்றுப் பறித்தவர், அறுப்பறுத்தவர். 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசையோடு எரித்துக் கொன்றார்கள். கூலி உயர்வு கேட்டதுதான் அந்த மக்கள் செய்தது. அதற்குப் பிறகு அவருடைய அம்மா, "நீ வயல் வேலைக்குப் போக வேண்டாம், எங்காவது போய்ப் பிழைத்துக்கொள்" என்று சொல்லிவிட்டாராம். அவர் வெகுதூரம் போகவில்லை. வயலை ஒட்டிப் போகும் ரயில் பாதையில் தினக்கூலியாகச் சேர்ந்தார். அதே வெயில், அதே சேறு, கையில் மண்வெட்டிக்குப் பதில் கடப்பாரை. ஆனால் கூலி மாதம் தவறாமல் வந்தது. யார் முன்னாலும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. இதை அவர் என்னிடம் சொன்னபோது குரல் கொஞ்சமும் மாறவில்லை. கேட்டுக்கொண்டிருந்த என்னால்தான் சும்மா இருக்க முடியவில்லை. எழுந்து கொஞ்சதூரம் நடந்துவிட்டு வந்தேன்.

1974 மே 8 அன்று நாடு முழுவதும் ரயில்வே வேலைநிறுத்தம் தொடங்கியது. இருபது நாள் நடந்தது. தினக்கூலி ஆட்கள் சேர்ந்தால் வேலை போய்விடும் என்று தெரிந்தேதான் அவரும் சேர்ந்தார். வேலை போனது. மறுபடி எடுத்தபோது பழைய நாட்களெல்லாம் கணக்கில் வராமல் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. 1977 நவம்பரில் நாகப்பட்டினத்தைத் தாக்கிய புயலில் பாதையின் மண்கரை அரித்துக்கொண்டு போன இடங்களில் இரவு பகலாக மண் கொட்டிய கேங்கில், அதாவது பாதை வேலையாட்கள் குழுவில், அவர் இருந்தார். நிரந்தரமானது அதற்குப் பிறகுதான். அவருக்குப் பென்ஷன் கணக்குப் போட்டபோது தற்காலிகப் பணிக் காலத்தில் பாதி மட்டுமே சேர்ந்தது. அதற்கும் முந்தைய வெறும் தினக்கூலி நாட்கள் சேரவே இல்லை. அவருடைய முதல் சில ஆண்டுகளின் உழைப்பு எந்தக் காகிதத்திலும் இல்லை. தண்டவாளத்தைத் தாங்கும் ஸ்லீப்பர் கட்டைகளுக்கு அடியில் மண்ணாக மட்டும் கிடக்கிறது.

நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது அவர் கீமேனாகிப் பல காலம் ஆகியிருந்தது. சிரித்துப் பேசும் ஆள் இல்லை. கேங்கில் அவரைக் கண்டு கொஞ்சம் பயப்பட்டார்கள் என்றே சொல்ல வேண்டும். ஒரு ஸ்லீப்பருக்கு அடியில் ஜல்லியைச் சரியாக இடித்துக் கெட்டிப்படுத்தாமல் விட்டால், மறுநாள் அதே இடத்தில் நின்றுகொண்டு மேஸ்திரியைக் கூப்பிட்டு விடுவார். வெற்றிலையை மென்றபடி ஒன்றும் பேசாமல் காலால் சுட்டிக்காட்டுவார். அது போதும்.

அவரோடு பலமுறை அந்த ஆறு கிலோமீட்டரை நடந்திருக்கிறேன். தண்டவாளத்தின் மேல் தள்ளிக்கொண்டு போகும் டிராலியில் போனால் பாதை கண்ணுக்குக் கீழே ஓடிவிடும். நடந்தால்தான் அவர் பார்ப்பது தெரியும். இரண்டு தண்டவாளங்களைச் சேர்த்துப் போல்ட் போட்டுப் பிடிக்கும் பிஷ் பிளேட்டின் விளிம்பில் செம்மண் போலப் பொடி படிந்திருந்தால் உட்கார்ந்துவிடுவார். அது வெறும் துரு அல்ல. உள்ளே இரண்டு இரும்புகள் ஒன்றோடொன்று உரசுகின்றன, போல்ட் ஓட்டையிலிருந்து விரிசல் கிளம்பியிருக்கலாம் என்று அர்த்தம். கீயின் பக்கவாட்டில் நகக்கண் அகலத்துக்குப் பளபளப்பு தெரிந்தால் அது நேற்றிலிருந்து நகர்கிறது என்பார். ஜல்லிக்கு மேலே சாம்பல் நிறச் சேறு காய்ந்து பொருக்காக இருந்தால் அந்த இணைப்பின் அடியில் களிமண் கரைந்து, சக்கரம் அழுத்தும்போதெல்லாம் மேலே பீறிடுகிறது என்று பொருள். இவையெல்லாம் எங்கள் பாடப்புத்தகத்திலும் உண்டு. புத்தகத்தில் இல்லாதது பெருச்சாளி. அறுப்பு முடிந்த வயலிலிருந்து பெருச்சாளி கரைக்கு ஏறி வங்கு தோண்டும். கோடையில் களிமண் வெடித்துப் பிளந்திருக்கும்போது அந்த வங்குகள் கண்ணுக்குத் தெரியாது. ஐப்பசி மழையில் வயலில் தண்ணீர் ஏறியதும் அந்த வங்கு வழியாகத்தான் முதல் கசிவு வரும். அதனால் அவர் சித்திரையிலேயே கரைச் சரிவில் இறங்கி, புதிதாகத் தள்ளிய மண் எங்கே இருக்கிறது என்று பார்த்து வைப்பார். கரையின் கிழக்குப் பக்கம் அதிகம், மேற்குப் பக்கம் குறைவு என்பார். காரணம் கேட்டேன். கிழக்கே உளுந்து போடுகிறார்கள் என்றார்.

ஒரு மார்கழி விடியலில் தண்டவாள விரிசலைக் கண்டுபிடித்து ரயிலை நிறுத்தினார். குளிரில் இரும்பு சுருங்கும் நேரத்தில்தான் தண்டவாளம் உடைவது வழக்கம். விதிப்படி ரயில் வரும் திசையில் ஓடி, மீட்டர் கேஜில் 400 மீட்டரில் ஒரு டெட்டனேட்டரும் 800 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று டெட்டனேட்டர்களும் தண்டவாளத்தின் மேல் வைக்க வேண்டும். சக்கரம் ஏறியதும் அவை வெடித்து டிரைவரை எச்சரிக்கும். அவர் அதையெல்லாம் செய்து, சிவப்புக் கொடியோடு நின்றார். ரயில்வே வார விழாவில் சான்றிதழும் கொஞ்சம் பணமும் கொடுத்தார்கள். எல்லோரும் பாராட்டினார்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அவருடைய திறமைக்கு அது சரியான சாட்சி என்று எனக்கு இன்றுவரை தோன்றவில்லை. விரிசல் கண்ணுக்குத் தெரிந்தது, கண்டார், ஓடினார். நடையை ஒழுங்காக நடக்கும் எந்தக் கீமேனும் அதைச் செய்வார். வேறோர் இரவு அவர் செய்ததை வேறு யாரும் செய்திருக்க முடியாது.

மழைக்கால ரோந்து என்பது எங்கள் பகுதியில் விளையாட்டான காரியமல்ல. 1956 நவம்பர் 23 விடியற்காலையில் அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளம் கரையை அரித்ததால் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் கவிழ்ந்து 140க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். பழைய மேஸ்திரிகள் ஒவ்வொரு மழைக்காலத் தொடக்கத்திலும் கேங்கை உட்காரவைத்து இந்தக் கதையைச் சொல்லுவார்கள். ரோந்துக்காரர் கையில் விளக்கும் டெட்டனேட்டரும் ஒரு ரோந்துப் புத்தகமும் இருக்கும். எதிர்த் திசையிலிருந்து வருபவரைச் சந்தித்துப் புத்தகத்தை மாற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். ஆள் வந்துசேரவில்லை என்றால் பாதையில் ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள்.

அந்த ஐப்பசியில் விடாமல் மழை. நடவு முடிந்து ஒரு மாதம்கூட ஆகாத சம்பாப் பயிர் முழுகிவிட்டது. கடைமடையில் தண்ணீர் வரும்போதும் கடைசியாகத்தான் வரும், வடியும்போதும் கடைசியாகத்தான் வடியும். ரயில் கரைக்கு மேற்கே தண்ணீர் தேங்கி நிற்கிறது, கிழக்கே இரண்டடி தாழ்வாக வடிகால் ஓடுகிறது. கரையை வெட்டிவிட்டால் ஒரே இரவில் வடிந்துவிடும். இன்னும் இரண்டு நாள் நின்றால் பயிர் அழுகிவிடும். நள்ளிரவில் மண்வெட்டிகளோடு நாற்பது ஐம்பது பேர் கரையில் ஏறிவிட்டார்கள். ரோந்தில் இருந்தவர் சின்னப் பையன். பயந்துபோய் கேட்டை ஒட்டிய கேங் குடியிருப்புக்கு ஓடிவந்து கீமேனை எழுப்பினான்.

கூட்டத்தில் நிலக்காரர்களும் இருந்தார்கள். அந்த நிலத்தில் கூலிக்கு நட்ட அவருடைய சொந்தக்காரர்களும் இருந்தார்கள். போலீசுக்குச் சொல்லி அனுப்புகிறேன் என்று அவர் மிரட்டவில்லை. "கரையை வெட்டினால் ரயில் கவிழும், விட்டால் பயிர் அழுகும். இரண்டும் வேண்டாம். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு என் பின்னால் வாருங்கள்" என்று சொல்லிவிட்டுத் தெற்கே நடந்தாராம். மூன்று தந்திக் கம்பம் தள்ளி, நெய்வேலிக் காட்டாமணக்கு ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடந்த ஓர் இடத்தில் இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் காலால் தடவிப் பார்த்துவிட்டு, இங்கே வெட்டுங்கள் என்று காட்டியிருக்கிறார். அங்கே ஒரு செங்கல் வளைவு மதகு இருந்தது. வாய்க்கால் திசை மாறிய பிறகு மண்மூடிப் போனது. பாலப் பதிவேட்டில் அதற்கு எண் உண்டு. நீரோட்டம் இல்லை என்ற குறிப்பு எனக்கு முன்பே பல ஆண்டுகளாக இருந்துவந்தது. காட்டாமணக்கை வெட்டி, வண்டலை வாரி, வாயைத் திறக்க மூன்று மணி நேரம் ஆனது. விடிவதற்குள் தண்ணீர் கிழக்கே பாயத் தொடங்கிவிட்டது.

நான் காலையில் டிராலியில் போய்ச் சேர்ந்தபோது மதகின் வாயில் தண்ணீர் சுழித்து ஓடிக்கொண்டிருந்தது. கரை அசையவில்லை. அவர் சரிவில் நின்று, அரிப்பு எடுக்கக் கூடாதென்று மதகின் இரு பக்கமும் மண் மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கை முழுவதும் காட்டாமணக்குக் கிழித்த கோடுகள். மதகு அங்கே இருப்பது எப்படித் தெரியும் என்று கேட்டேன். "சின்ன வயதில் இதன் வாயில் கூடு வைத்துக் குரவை பிடிப்போம் ஐயா. அந்தப் பக்கம் எங்கள் அப்பா உழுத நிலம்" என்றார். முதல் ரயிலை நடை வேகத்தில் விட்டோம். சக்கரங்கள் தாண்டும்போது தண்டவாளம் எவ்வளவு இறங்குகிறது என்று அவர் சரிவிலிருந்து தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைய கேங் டைரியில் 'ஒரு மதகு தூர்வாரப்பட்டது' என்று ஒரு வரி ஏறியது. அதற்குச் சான்றிதழ் கேட்டு நான் எழுதினேன். அந்த ஆண்டுப் பட்டியலில் இடமில்லை என்று பதில் வந்தது.

2007இல் அவர் ஓய்வு பெற்றார். அதற்கு முந்தைய சில மாதங்களில், மாலை நேரங்களில் அவரை உட்காரவைத்துச் சொல்லச் சொல்லி ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதினேன். ஒவ்வொரு கிலோமீட்டரும், அதற்குள் ஒவ்வொரு தந்திக் கம்பமும். எந்தக் கம்பத்துக்கு அருகே கரைக்குள் பழைய பனைமரத் தூர் புதைந்து மண் உள்வாங்குகிறது, எந்த வளைவில் உப்புக்காற்று படிந்து தண்டவாளத்தின் அடிப்பாகம் சீக்கிரம் தேய்கிறது, மேட்டூர் திறந்து எத்தனை நாளில் எந்த வாய்க்காலில் தண்ணீர் ஏறும், எந்த இடத்தில் மாடு கடக்கும், எந்த வளைவில் டிரைவருக்குக் கொடி தெரியாமல் புளியமரம் மறைக்கும். இடையிடையே, "இதையெல்லாமா எழுதுவீர்கள்?" என்று கேட்பார். எழுதினேன். ஒரு பாதையின் உடம்பைப் பற்றி இவ்வளவு தெரிந்த ஒருவரை மாலை போட்டு அனுப்பிவிட்டு, மறுநாள் ஒரு புதிய ஆளிடம் சுத்தியலை மட்டும் கொடுப்பது எனக்குப் பெரிய வீணடிப்பாகப் பட்டது. இன்றும் அப்படித்தான் படுகிறது. சுத்தியல், ஸ்பானர், கொடி, எல்லாவற்றுக்கும் ஒப்படைப்புப் பட்டியல் உண்டு. தெரிந்து வைத்திருப்பதற்குப் பட்டியல் கிடையாது.

நாடெங்கும் 1992இல் தொடங்கிய அகலப்பாதை மாற்றம் எங்கள் கிளைப் பாதைக்குத் தாமதமாகத்தான் வந்தது. ரயில் நின்றது, தண்டவாளங்களைப் பெயர்த்தார்கள், கரையை அகலமாக்கி உயர்த்தினார்கள். நில அளவைக்கு வந்தவர்களிடம் நோட்டின் நகலைக் கொடுத்தேன். செங்கல் மதகு இருந்த இடத்தில் பெரிய கான்கிரீட் பெட்டி மதகு வந்தது. அதற்காக அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஊர் கேட் இருந்த இடத்தில் சுரங்கப்பாதை தோண்டியதில்தான் அவர் பேச்சு எடுபடவில்லை. கேட்டுகளை எடுப்பது தவறென்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். ஆளில்லாத கேட்டுகளில் எத்தனை உயிர்கள் போயின என்பதை அந்த வேலையில் இருந்தவர்கள் அறிவோம். கார்த்திகையில் இங்கே முழங்கால் ஆழம் தோண்டினாலே ஊற்றெடுக்கும், நூறு கஜம் வடக்கே மேட்டில் தோண்டுங்கள் என்றுதான் அவர் சொன்னார். சாலை நேராக வரும் இடத்திலேயே தோண்டினார்கள். பம்ப் செட் வைத்தார்கள். மழை பெய்யும் நேரத்தில் மின்சாரம் இருப்பதில்லை.

2018 நவம்பர் 16இல் கஜா புயல் கரையேறியபோது அவர் வீட்டுக் கூரை போனது. கொல்லைத் தென்னைகள் அத்தனையும் சாய்ந்தன. இரண்டாம் நாள் எனக்குப் போன் செய்தார். வீட்டைப் பற்றிச் சொல்வார் என்று நினைத்தேன். பாதிக் கட்டிய கரையை நடந்து பார்த்தேன், இரண்டு இடத்தில் சரிந்திருக்கிறது, யாரிடம் சொல்ல வேண்டும் என்று கேட்டார்.

புதிய பாதையில் ரயில் ஓடத் தொடங்கிய பிறகு அவருக்கு ஒரு குறை இருந்தது. மீட்டர் கேஜ் காலத்தில் திண்ணையில் உட்கார்ந்தபடியே சக்கரம் இணைப்பைத் தாண்டும் ஓசையை எண்ணி, எந்த இணைப்பு இறங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். இப்போது தண்டவாளங்களை நீளமாகப் பற்றவைத்து விடுகிறார்கள். வெறும் இரைச்சல்தான் கேட்கிறது. "எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்?" என்று கேட்டார். மீயொலிக் கருவியைத் தள்ளிக்கொண்டு போய் உள்விரிசலைப் பார்க்கிறார்கள் என்று விளக்கினேன். கவனமாகக் கேட்டார். பிறகு, "பெருச்சாளியை அது காட்டாதே" என்றார்.

காட்டாதுதான். அதனால் அவரே காட்டப் போனார். அந்தப் பகுதிக்கு வந்திருக்கும் கீமேன் பீகார்க்காரப் பையன், என்ஜினீயரிங் படித்தவன். கழுத்தில் தொங்கும் ஜி.பி.எஸ். கருவி அவன் நடப்பதை அலுவலகத்துக்குக் காட்டிக்கொண்டிருக்கிறது. கீக்களுக்குப் பதிலாகக் கான்கிரீட் ஸ்லீப்பரில் கிளிப்புகள். வேலை என்னவோ அதே வேலைதான். அதே குனிந்த தலை. பெரியவர் கரைக்குக் கீழே மாட்டு வண்டித் தடத்தில் அவனோடு சேர்ந்து நடப்பாராம். இவருக்கு இந்தி தெரியாது, அவனுக்குத் தமிழ் அரைகுறை. போல்ட், ஜல்லி, பிஷ் பிளேட் என்று இருவருக்கும் பொதுவான சொற்களை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டார்கள். வங்குகளை அவனுக்குக் கைத்தடியால் குத்திக் காட்டியிருக்கிறார். பல நாள் அவன் சாப்பாடு அவர் வீட்டில்தான்.

புரட்டாசியில் பக்கவாதம் வந்தது. மகன் பொன்மலை ரயில்வே மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். கொஞ்சம் தேறி வீட்டுக்கு வந்தார். வலது கை மட்டும் எழவில்லை. நான் பார்க்கப் போனபோது பேச்சு குழறியது. என்ன கேட்கிறார் என்று அவர் மனைவிதான் சொன்னார்: மதகின் வாயைத் தூர்வாரிவிட்டார்களா என்று கேட்கிறாராம். வாரிவிட்டார்கள் என்றேன். வரும் வழியில் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

கார்த்திகை மழையில் இறந்தார். அவர்கள் தெருவின் சுடுகாடு பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. கேட் இருந்த காலத்தில் பாடை மேலேயே கடந்து போகும். அப்படிப் போகும்போது ரயில் நேரம் பார்த்து அவரே பலமுறை கொடியோடு நின்றிருக்கிறார். இப்போது சுரங்கப்பாதை ஒன்றுதான் வழி. அதில் தொடை வரை தண்ணீர். பறை அடிப்பவர்கள் பறையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டார்கள். பாடையைத் தோளிலிருந்து இறக்காமல், அடி அடியாகத் தடவி நடந்து கொண்டுபோனோம். அவர் சொன்ன மேடு, வடக்கே நூறு கஜத்தில், தண்ணீர் ஏறாமல் கிடந்தது. எனக்கு அன்று வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. அந்தச் சுரங்கப்பாதைக்கு வடிகால் வெட்டச் சொல்லி ஊர்க்காரர்களோடு சேர்ந்து மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மழை இல்லாத மாதத்தில் அந்த மனுவை யாரும் மறந்துவிடாதபடி பார்த்துக்கொள்வது இனி என் வேலை.

பென்ஷன் காகிதத்தில் அவர் மனைவியின் பெயர் ஒரு விதமாகவும் ஆதாரில் வேறு விதமாகவும் இருந்தது. அந்தக் காலத்தில் ஆபீசில் எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார். பிரமாணப் பத்திரம், இறப்புச் சான்றிதழ், பென்ஷன் ஆணையின் நகல் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தோம். கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம், அதோடு அகவிலைப்படி, குடும்ப ஓய்வூதியமாக வரும். வங்கி மேலாளரும் பொறுமையாக உதவினார்.

பீகார்ப் பையன் காரியத்துக்கு வந்திருந்தான். நோட்டுப் புத்தகத்தை அவனிடம் கொடுத்தேன். மூலத்தை வாங்க மறுத்து, ஒவ்வொரு பக்கமாகச் செல்போனில் படமெடுத்துக்கொண்டான். தமிழ் எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டு வருகிறானாம். மூன்றாம் நாள் போன் செய்து ஒரு சந்தேகம் கேட்டான். நோட்டில் எல்லா இடமும் தந்திக் கம்ப எண்ணில் இருக்கிறது. இப்போது தந்திக் கம்பமே இல்லையே, எந்த இடம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சரியான கேள்வி. பழைய பாலங்களின் எண்கள் அப்படியே இருக்கின்றன. அவற்றிலிருந்து அளந்தால் ஒவ்வொரு கம்பத்தின் இடத்தையும் பிடித்துவிடலாம். தை பிறந்து வயலில் தண்ணீர் வடிந்ததும், டேப்பும் சுண்ணாம்பும் எடுத்துக்கொண்டு தெற்குக் கோடியிலிருந்து இருவரும் நடப்பதாகப் பேசியிருக்கிறோம். செக்‌ஷன் என்ஜினீயரிடம் அனுமதி கேட்டேன், கொடுத்துவிட்டார்.